நாற்காலி முதுகில் கம்பெனி பெயர்

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் சம்பந்தி, என் மகன், உங்கள் மகள் நால்வரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கு நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதக் காகிதத்தில் இடம் இருக்குமோ இருக்காதோ!

பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குத் தொலைபேசியில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "சம்பந்தியம்மா, எம் பொண்ண எந்தக் கம்பெனிக்கு வித்தீங்க?" என்று கேட்டீர்கள். நான் "அது வந்துங்க..." என்று ஆரம்பிப்பதற்குள் நீங்கள் அழுதீர்கள், உங்களைக் கேட்டு நானும் அழுதேன், உங்கள் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் நான் மணி அடிக்க விட்டதில்லை. தேர்தல் முடியட்டும், முழுப் பதிலாகச் சொல்லலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். பதில் கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

உங்கள் மகள் நகர்மன்றத் தேர்தலில் நின்றதற்கு நாங்கள் யாரும் காரணம் இல்லை. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைதான் காரணம். கர்ப்பிணிகள் மருந்துச் சீட்டோடு வந்து, கடைப் படியில் உட்கார்ந்து, "ரெண்டு பஸ் மாறி வரேன்மா, கொஞ்சம் தண்ணி குடு" என்று கேட்பார்களாம். கடைக்கு நேர் எதிரே நகராட்சியின் பழைய பேருந்துப் பணிமனை பூட்டிக் கிடக்கிறது. அந்த இடத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டினால் என்ன என்று மனு எழுதினாள், மறுபடி எழுதினாள், எங்கள் வார்டு உறுப்பினரை நேரில் போய்ப் பார்த்தாள். அவருக்கு நிழற்குடைக்காரர் என்று ஊரில் பெயர். பேருந்து நிற்கும் இடத்தில் எல்லாம், பேருந்து நிற்காத இடத்திலும்கூட, தன் முகத்தைப் பெரிதாக வரைந்து நிழற்குடை கட்டி வைத்திருப்பவர். அவர் இவள் மனுவை வாங்கி அதாலேயே விசிறிக்கொண்டாராம். உங்கள் மகள் வீட்டுக்கு வந்தாள், கையைக் கழுவினாள், "அத்தை, நானே நிக்கப் போறேன்" என்றாள். என் மகன், "எங்க?" என்று கேட்டான். உங்கள் மாப்பிள்ளை எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் புரிந்துகொள்வான், அது உங்களுக்குத் தெரியாததில்லை.

நிற்பது என்றால் சும்மாவா? மேடை வேண்டும், மைக் வேண்டும், வண்டி வேண்டும், வந்தவர்கள் உட்கார நாற்காலி வேண்டும். இதையெல்லாம் நாலு பேரிடம் கேட்டு வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ரிட்டயரான டீச்சர் போய் நின்றால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள் என்று கணக்கு. உண்மைதான். தச்சர் பெஞ்சு கொடுத்தார். தையல்காரம்மா கொடி தைத்துக் கொடுத்தார். டீக்கடைக்காரர் பெரிய ஃபிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு, "மூடிய மட்டும் தொலைச்சிடாதீங்க டீச்சர்" என்றார்.

இந்த இடத்தில் நாங்கள் செய்ததை நீங்கள் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். விசிறி ஓடினால் படிக்க முடியாது, மின்சாரம் நின்றால்தான் படிக்கலாம். என் பிள்ளைகள் பாதிப் பேர் மின்வெட்டில்தான் எழுத்துக்கூட்டக் கற்றார்கள். கொடுத்தவர் பெயரைக் கொடுத்த பொருளில் எழுதாமல் விடுவது, பரீட்சைத் தாளில் பெயர் எழுதாமல் விடுவது மாதிரி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். உங்கள் சம்பந்தியோ ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். தூரிகையைத் தொட ஒரு சாக்குக் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தவர். வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த இனாமல் பெயிண்டை எடுத்து, பெஞ்சில் "உபயம்: தச்சர்", கொடிக் கம்பில் "உபயம்: தையல்காரம்மா" என்று சுழித்துச் சுழித்து எழுதினார். தையல்காரம்மா தன் பெயரைப் பார்க்க வாடிக்கையாளர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார். ஃபிளாஸ்க்கில் எழுதும்போது மட்டும் டீக்கடைக்காரர், "மூடியிலயும் எழுதிடுங்க சார்" என்றார்.

அப்போதுதான் ஒரு கட்டடக் கம்பெனியிலிருந்து அந்தத் தம்பி வந்தார். கம்பெனியின் பெயரை இங்கே நான் எழுதவில்லை, ஊரே படித்துவிட்டது. தம்பி இஸ்திரி கலையாத சட்டை, காலடி ஓசை கேட்காத ஷூ, அதைவிட ஓசை கேட்காத குரல். ஒரு லாரி நாற்காலி, மைக் செட், மேடை, வேட்பாளர் உட்கார உயரமான முதுகு வைத்த சிவப்பு நாற்காலி, பிரச்சாரத்துக்கு ஒரு வேன் எல்லாம் தருகிறோம் என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு, "எதுக்குத் தம்பி இவ்வளவு?" என்றேன். "ஒரு அன்புதாம்மா. நாங்க எதையும் எதிர்பார்க்கறதில்ல. பேரு கீரு ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

சம்பந்தியம்மா, என் அனுபவத்தில் பெயர் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த பெரியவர்தான். அவர் சொல்லைக் கேட்டுப் பெயர் எழுதாமல் விட்டோம், அவர் செத்த பிறகு தலைமையாசிரியர் தன் பெயரை எழுதிக்கொண்டார். அந்த அநியாயம் இன்னொரு தடவை நடக்கக் கூடாது என்று நினைத்தேன். உங்கள் சம்பந்தியும் நானும் அன்று பகல் முழுவதும் குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் கம்பெனி பெயரை எழுதினோம். வெறும் பெயர் மொட்டையாக இருக்கிறதே என்று, தம்பி சொன்னதையே கீழே இரண்டாவது வரியாக, "எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்தது" என்றும் சேர்த்தோம். அந்தச் சிவப்பு நாற்காலிக்கு அகலமான முதுகு. அதன் முன்பக்க உச்சியில் உங்கள் சம்பந்தி மனம் நிறைய, கடைசி பெஞ்சில் இருந்து படிக்கிற அளவுக்கு எழுதினார்.

மாலையில் உங்கள் மகள் கடையிலிருந்து நேராக மேடைக்கு வந்தாள். வந்த வேகத்தில் உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலே கிரீடம் மாதிரி கம்பெனி பெயர். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது, பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். நீங்கள் பார்த்தது அந்தப் படம்தான். இடம் போதவில்லை என்று இரண்டாவது வரியை வெட்டிவிட்டார்கள். அதனால்தான் நீங்கள் விற்றுவிட்டதாக நினைத்தீர்கள். முழுவதும் போட்டிருந்தால் என்ன நினைத்திருப்பீர்களோ, அது வேறு விஷயம்.

ஆனால் படத்தில் வராதது ஒன்று இருக்கிறது. உங்கள் மகள் எழுந்து, திரும்பி, அந்த முதுகைப் படித்தாள். அவள் மைக்கைப் பிடித்து, "நானும் உங்ககூட இப்பதான் படிக்கறேன். இவங்க எதுக்குக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. கேட்டுட்டு வந்து அடுத்த கூட்டத்துல சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினாள். நின்றுகொண்டே பேசினாள்.

வீட்டுக்கு வந்து எங்களைத் திட்டுவாள் என்று நானும் உங்கள் சம்பந்தியும் ஹோம்வொர்க் எழுதாத பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றோம். "மாமா, எழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

இனிமேல்தான் வேடிக்கை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகள் கம்பெனி கிடங்குக்குப் போயின. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் முதுகு தெரியாது அல்லவா? கிடங்குக்காரர்கள் அப்படியே லாரியில் ஏற்றி, மறுநாள் நிழற்குடைக்காரர் கூட்டத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். ஆமாம், அவருக்கும் அதே கம்பெனிதான் கொடுக்கிறது! அதே நாற்காலி, அதே மைக், அதே வேன். எங்களுக்கு ஒரு நாள், அவருக்கு மறுநாள். கம்பெனிக்கு யார் ஜெயித்தாலும் ஜெயித்தவர் அவர்களுடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டத்தில் ஒவ்வொருவர் கண்ணுக்கு நேராகவும் முன்வரிசைக்காரரின் நாற்காலி முதுகு. ஊரே எழுத்துக்கூட்டிப் படித்தது. மேடையில் சிவப்பு நாற்காலியில் நிழற்குடைக்காரர். அவர் தலைக்கு மேல் அதே கிரீடம், கீழே "எதையும் எதிர்பார்க்காமல்". தன் தலைக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், கூட்டம் தன்னைப் பார்த்துத்தான் மகிழ்கிறது என்று எண்ணிக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாராம் பாவம். அந்தப் படமும் பத்திரிகையில் வந்தது. டீக்கடைக்காரர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டார். டீ வியாபாரம் ரொம்ப நன்றாக நடந்ததாகச் சொன்னார்.

கம்பெனித் தம்பி ஓடி வந்தார். அன்றைக்குச் சட்டை கசங்கியிருந்தது.

"அம்மா, அந்தப் பேர..."

"தம்பி, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."

"பேர அழிக்கணும்மா! பெட்ரோல் போட்டுத் துடைச்சுப் பார்த்துட்டோம், போகல. பளபளப்புதான் கூடுது."

"நல்ல பெயிண்ட் தம்பி அது" என்றார் உங்கள் சம்பந்தி, பெருமை தாங்காமல்.

"நாங்க விளம்பரத்துக்குச் செய்யறவங்க இல்ல சார்."

"அப்படியா? உங்க கட்டடத்து உச்சியில பெருசா விளக்கு எரியுதே, அது எதுக்கு?" என்றார் உங்கள் சம்பந்தி.

உங்கள் மகள் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தாள். நாள் முழுவதும் நின்ற கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்தபடி பேசினாள். "உக்காருங்க சார். இது எங்க வீட்டு நாற்காலிதான், பயப்படாதீங்க. அழிக்கறதுக்கு நான் தடை சொல்லல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த ரெண்டாவது வரி உண்மையா?"

தம்பி சிரித்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி சிரித்தார். "எதிர்பார்ப்புன்னு சொல்ல முடியாது மேடம். ஒரு நட்பு. அந்தப் பணிமனை இடம் எங்க காம்ப்ளெக்ஸுக்குக் கேட்டிருக்கோம். நாளைக்கு மன்றத்துல ஓட்டுக்கு வரும்போது எங்களுக்குப் போடுங்கன்னுகூட நான் சொல்ல மாட்டேன். அன்னைக்கு உங்களுக்குக் கடையில வேலை இருந்துச்சுன்னா..." என்று இழுத்துக்கொண்டே போய்க் காற்றோடு காற்றாகிவிட்டார்.

"கேக்கல தம்பி" என்றேன். நிஜமாகவே கேட்கவில்லை. இத்தனை வருஷம் வகுப்பறை இரைச்சலில் இருந்த காது.

மறுபடி சொன்னார். மறுபடி கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. "அன்னைக்கு ஒரு நாள் நீங்க வராம இருந்தா போதும்னு சொல்றேம்மா!" என்று கத்திவிட்டார். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கிளிப்பைக் கீழே போட்டார். தெருவில் சைக்கிள் ஒன்று நின்றது.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று சொன்னார். காம்ப்ளெக்ஸின் கீழ்த்தளத்தில் முதலுதவிக்கு ஓர் அறை ஒதுக்கித் தருவார்களாம். ஒத்துக்கொண்டால் மீதி நாட்களுக்கும் எல்லாம் வரும். இல்லையென்றால் எல்லாம் நிழற்குடைக்காரருக்கே போகும். "யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க மேடம்" என்று எழுந்துபோனார்.

சம்பந்தியம்மா, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குச் சபலம் தட்டியது. தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. வண்டி இல்லாமல், நாற்காலி இல்லாமல் இவள் தோற்றால் ஆஸ்பத்திரியும் போச்சு, அறையும் போச்சு. "ஏம்மா, வாங்கிக்கயேன். வாங்கிட்டு ஓட்ட உன் இஷ்டத்துக்குப் போடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

அவள் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "யாருக்கும் தெரியாது அத்தை. எனக்கும் தெரியாதே, அதான் பயமா இருக்கு. எங்க கடைக்குச் சீட்டு எழுதி அனுப்பற டாக்டர் ஒருத்தர், ரொம்ப நல்லவர். மருந்துக் கம்பெனி குடுத்த பேனாலதான் எழுதுவார். 'ஒரு பேனாவுக்கா நான் மயங்குவேன்?'னு கேப்பார். அவர் மயங்கல. ஆனா சீட்டுல அந்த மருந்துதான் வரும். அவரு பொய் சொல்லல அத்தை, அவருக்கே தெரியாது. எங்க வீட்டுக் கூடத்துல ஒரு சுவர்க் கடிகாரம் இருக்குமே, சிமெண்ட் கம்பெனி குடுத்தது, பார்த்திருக்கீங்களா? அதுல மணி பார்த்துப் பார்த்து, மாடி கட்டும்போது அப்பா வாயில வேற சிமெண்ட் பேரே வரல. அப்பாவையே ஒரு கடிகாரம் ஆட்டி வைக்குதுன்னா, ஒரு லாரி நாற்காலி என்னை என்ன பண்ணும்?"

முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்படி ஓர் உதாரணம் எனக்கு ஒரு நாளும் வாயில் வந்ததில்லை. அந்த நிமிஷம், இந்தப் பெண்ணைப் பெற்றவர் நீங்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு, "ரொம்ப நன்றி சார், எதுவும் வேண்டாம். நீங்க சொன்னத மட்டும் கூட்டத்துல சொல்லிடுவேன், கேட்டுச் சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றாள். கோபமில்லை, சவால் இல்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்கிற அதே குரல்.

கடைசிக் கூட்டத்துக்கு ஒரு நாற்காலியும் இல்லை. "அவரவர் வீட்ல இருந்து எடுத்துட்டு வாங்க" என்று சொன்னோம். வந்தது பாருங்கள் ஓர் ஊர்வலம்! முக்காலி, ஸ்டூல், சாய்வு நாற்காலி, சோபாவின் பாதி. முடிதிருத்துபவர் தன் கடையின் சுழல் நாற்காலியையே தள்ளிக்கொண்டு வந்து, "வேட்பாளர் இதுல உக்காரட்டும்" என்றார். உங்கள் மகள் உட்கார்ந்தாள், அது மெதுவாகச் சுற்றி அவளைக் கூட்டத்துக்கு முதுகு காட்ட வைத்தது. திருப்பினோம், மறுபடி சுற்றியது. "நாலாப் பக்கமும் பாக்கற உறுப்பினர்!" என்று ஒரு குரல் வந்தது. உங்கள் சம்பந்தி வாசலில் தூரிகையோடு நின்று ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினார். இந்தத் தடவை இரண்டாவது வரி உங்கள் மகள் யோசனை: "என்ன வேணுமோ அதையும் எழுதச் சொல்லுங்க மாமா, எல்லாரும் படிக்கட்டும்." தச்சர், "வேண்டுவது: தெருவிளக்கு" என்றார். முடிதிருத்துபவர், "ஒண்ணும் வேண்டாம், நாற்காலி திரும்பி வந்தா போதும்" என்றார், அதையும் எழுதினோம். ஒருவர் "வேண்டுவது: மச்சினனுக்கு நகராட்சியில் வேலை" என்று எழுதச் சொன்னார். ஊர் பார்க்க அதை எழுத ஆரம்பித்ததும், "வேண்டாம் சார், தெருவிளக்கே போடுங்க" என்று மாற்றிக்கொண்டார்.

உங்கள் மகள் கம்பெனி கேட்டதைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. "அன்னைக்கு நான் வராம இருந்தா போதுமாம். நான் வருவேன்" என்றாள். எதிர் மாடி அம்மாள் தன் ஸ்டூலில் ஏறி நின்று, "ஆமா, எங்காதாலயே கேட்டேன்!" என்று சாட்சி சொன்னார்.

நேற்று முடிவு வந்தது. கொஞ்ச ஓட்டில்தான், ஆனால் ஜெயித்துவிட்டாள். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: உங்கள் மகளை யாருக்கும் விற்கவில்லை. விற்பதற்கு எங்களிடம் அவள் அகப்படவும் இல்லை. அவளை இப்படி வளர்த்த உங்கள் இருவருக்கும் என் மனமார்ந்த வணக்கம். மாடி வீடு நிறைய நீங்கள் சுகமாக, நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்

பின்குறிப்பு: எழுதி முடித்து உறை ஒட்டப் போகும்போது ஒன்று நடந்துவிட்டது, மறைப்பது முறையில்லை. இன்று காலை காப்பி கொடுக்கும்போது, "ஏம்மா, இப்பதான் நீ உறுப்பினர் ஆயிட்டியே, நம்ம வீட்டு வாசல்ல ஒரு வேகத்தடை போடச் சொல்லேன். ஆஸ்பத்திரி கட்டினதும் அதுக்குப் போர்டு எழுதற வேலைய உங்க மாமாவுக்கே குடுத்துடு, பாவம், சும்மா இருக்காரு" என்றேன். தேர்தலுக்கு வேலை செய்தவள் என்ற உரிமையில்தான் கேட்டேன், வேறொன்றும் எதிர்பார்க்கவில்லை. உங்கள் மகள் காப்பியைக் குடித்து முடித்தாள், சிரித்தாள், "மாமா, தூரிகைய எடுங்க" என்றாள். இப்போது என் சாய்வு நாற்காலியின் முதுகில், "உபயம்: மாமியார். வேண்டுவது: வேகத்தடை, வீட்டுக்காரருக்கு வேலை" என்று இனாமல் பெயிண்டில் பளபளக்கிறது. எழுதியவர் உங்கள் சம்பந்திதான், தன் பங்கைச் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டார். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுத்தான் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். பெட்ரோல் போட்டால் பளபளப்புக் கூடும் என்பதால் தொடவில்லை.

நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். கூடத்துச் சுவரிலிருந்து அந்தக் கடிகாரத்தைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று உங்கள் கையால் எழுதிவிட்டு, மறுபடி மாட்டுங்கள்.